வராதவனுக்குப் பாதி

மெட்டில்டா போடுகிற புள்ளி ஒட்டும். எங்கள் தெருவில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம் இது, இதில் வாயைப் பிளக்க ஒன்றுமில்லை; சிலர் நட்ட கறிவேப்பிலைக் கன்று சட்டென்று பிடிக்கிறது, சிலர் கையால் போட்ட ஊறுகாய் கெடுவதே இல்லை, அதுபோல ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தின் முடிவில் இவள் உங்கள் டம்ளரில் சோழியைப் போட்டு ‘இன்னாருக்கு, இன்னது செய்ததுக்கு’ என்று சொல்லிவிட்டால், அந்த இன்னது ஆட்டத்தோடு நிற்காமல் உங்கள் கூடவே படியிறங்கி வீட்டுக்கு வந்துவிடும். லூர்தம்மாள் டீச்சருக்கு ஆட்டத்தில் பூட்டுத் திறந்ததற்காகச் சோழி விழுந்தது, அடுத்த வாரமே சாவி தொலைத்தவர்கள் எல்லாம் அவர் வீட்டு வாசலில் நின்றார்கள், ரிட்டயர்டு பி.டி. டீச்சர், கொண்டையிலிருந்து ஊசியை உருவி ஒரு சுற்று, ஒரு தட்டு, பீரோ திறந்துகொண்டது. உப்பு லாரி ஓட்டுகிற அப்பாஸ் நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசினால் மூன்றாவதில் திக்குவான். ஆட்டத்தில் அவன் பாட்டுக்காரன், ஓர் அரக்கனைப் பேசியே தூங்கவைத்தான் என்று சோழி வாங்கினான், அதற்குப் பிறகு அவன் லாரியை மறித்தவர்களே அவனுக்கு டீ வாங்கிக்கொடுத்து அனுப்பிவைத்தார்கள்.

நான் ஜெபக்கனி, மெட்டில்டா குடியிருக்கிற மாடிக்குக் கீழே தையல்கடை வைத்திருக்கிறேன். எனக்குப் பெரும்பாலும் எதிரியை மிரட்டியதற்குத்தான் சோழி விழும். அதனால்தான் என் வாய் இப்படி என்று தெருவில் சொல்லுவார்கள், நம்பாதீர்கள், என் வாய் பிறந்ததிலிருந்தே இப்படித்தான், சோழி வந்து கொஞ்சம் சாணை பிடித்துக் கொடுத்தது, அவ்வளவுதான்.

இந்த ஆட்டத்தை எங்கள் தெருவுக்குக் கொண்டுவந்தவன் ஸ்டெனி. முழுப்பேர் ஸ்டெனிஸ்லாஸ், மெட்டில்டாவின் புருஷன், சரக்குக் கப்பலில் எஞ்சின் அறையில் வேலை. கூட வேலை பார்த்த ஒரு பிலிப்பைன்ஸ்காரன் கொடுத்தான் என்று, உப்புக்காற்றில் பக்கமெல்லாம் ஊறிப்போன தடிப்புத்தகம் ஒன்றையும், நாலு முகம், எட்டு முகம், இருபது முகம் என்று விதவிதமான பகடைகளையும் ஒரு லீவுக்கு வரும்போது தூக்கிக்கொண்டு வந்தான். ஆட்டம் என்றால் ஜெயிப்பது தோற்பது கிடையாது. மேசையைச் சுற்றி உட்காருவோம், ஒருத்தர் கதை சொல்லுவார், நாங்கள் அந்தக் கதைக்குள் ஆளுக்கொரு ஆளாக நுழைந்து, எதிரே ராட்சசன் நிற்கிறானா, நான் இதைச் செய்கிறேன் என்று சொல்லிப் பகடையை உருட்டுவோம், விழுந்த எண்ணைப் பார்த்துக் காரியம் நடந்ததா இல்லையா என்று கதைக்காரர் சொல்லுவார், சாயங்காலம் கோயில் மணி அடித்ததும் ஆட்டத்தை நிறுத்தி, அவரவர் செய்த காரியத்துக்கு அனுபவப் புள்ளி கொடுப்பார், எங்கள் மேசையில் புள்ளிக்குச் சோழி. புள்ளி சேரச் சேர உங்கள் ஆள் ஒரு படி ஏறுவான், மறு வாரம் கொஞ்சம் பெரிய ராட்சசனிடம் அடி வாங்குவான். ஐம்பது வயதில் இது என்ன விளையாட்டு என்று கேட்பவர்களுக்கு நான் பதில் சொல்லுவதில்லை, அவர்கள் சாயங்காலம் முழுக்க டிவி சீரியல் பார்ப்பதை நான் கேட்கிறேனா?

மெட்டில்டா கதைக்காரி ஆனது எப்படி என்றால், அந்தப் புத்தகத்தின் இங்கிலீஷைப் பொறுமையாகப் படித்தவள் அவள் ஒருத்திதான். எட்டாள் வேலையை ஒற்றையாகச் செய்வாள். ராஜாவும் அவள்தான், ராஜாவின் விஷம் வைக்கிற மாமியாரும் அவள்தான், படகோட்டி, பேய், சந்தையில் மீன் விற்கிறவள், செத்துப்போன குதிரை, எல்லாருக்கும் குரல் கொடுப்பாள், அவளாக மட்டும் அவளுக்குப் பேச ஒரு வரி இருக்காது. சோழியும் கிடையாது. கதைக்காரருக்குப் புள்ளி இல்லை என்பது ஆட்டத்தின் வழக்கம். நாங்கள் எல்லாரும் படிப்படியாக ஏறிக்கொண்டிருக்க, அவள் மட்டும் முதல் ஞாயிறு எங்கே நின்றாளோ அங்கேயே நின்று எங்களை ஏற்றிவிட்டுக்கொண்டிருந்தாள், நாங்களும் டம்ளரைக் குலுக்கிப் பார்த்துவிட்டு அவரவர் வீட்டுக்குப் போய்விடுவோம்.

ஸ்டெனியின் ஆள் கேடயக்காரன். எந்தச் சண்டையிலும் முன்னால் போய் நின்று எங்கள் மேல் விழ வேண்டிய அடியைத் தான் வாங்குகிறவன். லீவு முடிந்து அவன் கிளம்புகிற ஞாயிறு, பெட்டியைக் கதவோரம் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்து ஆடினான், மணி அடித்ததும் தன் டம்ளரை மேசை நடுவில் நகர்த்தினான். அது அவர்கள் கல்யாணத்துக்கு வந்த டம்ளர், இரண்டு பேர் பேரும் வெட்டியிருக்கும்.

“நான் திரும்பி வரும்போது நீங்க எல்லாரும் எங்கயோ உசரத்துல இருப்பிய, நான் கீழ கெடந்து முழிப்பேன்” என்றான். “வராதவனுக்குப் பாதின்னு புத்தகத்துல இருக்குல்லா. எனக்கும் வாராவாரம் பாதி போட்டு வை. வந்தா உங்ககூடச் சமமா நிக்கணும்ல.”

“வராதவனுக்கு என்னத்துக்குப்பா புள்ளி?” என்று நான் கேட்டேன். நான் வெட்டிக்கொடுத்த வழியில் இவன் கப்பலில் உட்கார்ந்துகொண்டே ஏறுவான் என்றால் எனக்கு எரியுமா எரியாதா?

“நீங்க சும்மா இருங்கக்கா” என்றாள் மெட்டில்டா. அப்போதே அவள் கண் கலங்கியிருந்தது.

அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் மணி அடித்ததும் அவள் எழுந்து நின்று சோழிப் பையைக் கையில் எடுத்து வரிசையாகச் சொல்லுவாள். டீச்சருக்கு, பாலத்துக்கு அடியில் பொறி இருப்பதைக் கண்டுபிடித்ததுக்கு, கலகல. அப்பாஸுக்கு, சிங்கத்துக்குத் தாலாட்டுப் பாடியதுக்கு, கலகல. ஜெபக்கனி அக்காவுக்கு, திருடனைத் திட்டியே பல்லக்கை இறக்கிவைக்கச் செய்ததுக்கு, கலகல. கடைசியாக ஆளில்லாத நாற்காலிக்கு முன்னால் இருக்கிற டம்ளரிடம் போய்க் குரலைத் தாழ்த்தி, ஸ்டெனிக்கு, வராமல் இருந்ததுக்கு, பாதி, என்று சொல்லிப் போடுவாள். பாதி என்று வாய் சொல்லும், கை அள்ளிப்போடும், புருஷனாயிற்றே. நான் பார்த்துக்கொண்டு பல்லைக் கடிப்பேன்.

முதல் காண்ட்ராக்ட் முடிந்து அவன் வர வேண்டிய நேரத்தில் இன்னொரு காண்ட்ராக்டில் சேர்ந்துவிட்டான் என்று தகவல் வந்தது. சரி, எல்லாக் கப்பல்காரனும் செய்கிறதுதான். அடுத்து அவன் கப்பல் எங்கள் துறைமுகத்துக்கே வந்து நின்றது, மெட்டில்டா மீன் குழம்பு வைத்துத் தூக்குவாளியில் ஊற்றிக்கொண்டு துறைமுகக் கேட்டில் போய் நின்றாள், கப்பலில் எல்லாரும் இறங்கினார்கள், அவனுக்கு மட்டும் கரையிறங்கப் பாஸ் வரவில்லை, சாயங்காலம் கப்பல் போய்விட்டது. போனில் அவன் குரல் பின்னால் போய்ப் பின்னால் போய்க் கடைசியில் எஞ்சின் சத்தம் மட்டும் கேட்டது, பிறகு போன் அடிப்பதையே மறந்துபோனது. அவர்கள் வீட்டுக் கல்யாணப் போட்டோவில் மெட்டில்டாவுக்குப் பக்கத்தில் ஸ்டூடியோவின் நீலத்திரை வரவரத் தெளிவாகத் தெரிய ஆரம்பித்தது, மாலை போட்ட மாப்பிள்ளையின் தோள் ஒன்று மட்டும் கொஞ்ச காலம் அந்தத் திரையில் மடிப்புபோல நின்றது. தெரு இதையெல்லாம் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. டீக்கடையில் ‘ஸ்டெனி எப்ப வாரான்’ என்று கேட்டுக்கொண்டிருந்தவர்கள் ‘மெட்டில்டா வீட்டுக்காரர் எப்ப வாரார்’ என்று கேட்டார்கள், பிறகு ‘நீ தனியாவா இருக்கே’ என்று கேட்டார்கள், பிறகு கேட்பதை விட்டுவிட்டார்கள்.

ஒரு கிறிஸ்துமஸுக்கு அவன் வந்தான். சத்தியமாக வந்தான், எங்கள் எல்லார் வீட்டுக்கும் அவன் வாங்கி வந்த சோப்பும் சாக்லேட்டும் வந்து சேர்ந்தன, வாசலில் அவன் செருப்பு கிடந்தது, அப்பாஸின் பிள்ளைக்கு அவன் வாங்கி வந்த கார் சாவி கொடுத்தால் ஓடியது. ஆனால் அவனைப் பார்த்தேன் என்று தெருவில் ஒருத்தரும் சொல்லவில்லை. மெட்டில்டாவும் பார்க்கவில்லை. அவள் அடுப்படியில் இருக்கும்போது அவன் முன்னறையில் இருப்பான்போல, அவள் முன்னறைக்கு வந்தால் பின்கதவு சாத்துகிற சத்தம் கேட்குமாம். காலையில் பாயின் மறுபாதியில் கை வைத்தால் சூடு இருக்கும், ஆள் இருக்கமாட்டானாம். லீவு முடிந்ததும் பெட்டி போய்விட்டது, அதை வைத்துத்தான் கிளம்பிவிட்டான் என்று தெரிந்துகொண்டாள்.

“பாவம், அலைச்சல்” என்று மட்டும் என்னிடம் சொன்னாள், சொல்லிவிட்டு அடுத்த ஞாயிறு கை நிறைய அள்ளிப்போட்டாள்.

இது போதாதென்று மூன்றாம் வீட்டுச் செர்வினா மாடியேறி வந்தாள். அவள் புருஷன் தோஹாவில் டிரைவர். உன் வீட்டுக்காரருக்கு மட்டும்தான் போடுவியா, எங்க வீட்டு ஆளு என்ன இளப்பமா என்று கேட்டு, அவன் சட்டை ஒன்றைக் கொண்டுவந்து நாற்காலி முதுகில் மாட்டிவிட்டு, ஒரு டம்ளரையும் வைத்துவிட்டுப் போனாள். அவளைப் பார்த்து இன்னும் நாலு பேர். மலேசியாவில் இருக்கிற மகன், கொச்சியில் இருக்கிற தம்பி, என்ன ஏது என்று யாரும் கேட்கவில்லை, கோயிலில் பேர் சொல்லி ஜெபிக்கச் சொல்லுவதுபோல மெட்டில்டாவிடம் பேர் கொடுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தச் சின்ன அறையில் ஆடுகிறவர்கள் மூன்று பேர், சட்டை மாட்டிய நாற்காலிகள் அதைவிட அதிகம், கால் வைக்க இடமில்லை. மணி அடித்ததும் ‘வராமல் இருந்ததுக்கு, பாதி, வராமல் இருந்ததுக்கு, பாதி’ என்று அவள் ஒவ்வொரு நாற்காலியாகச் சுற்றி வருவாள், எனக்குத் தையல்மெஷின் ஓடுகிற மாதிரி காதில் கேட்டுக்கொண்டே இருக்கும்.

உடைத்தது நான்தான், அதுவும் நல்லெண்ணத்தில் இல்லை, பொறாமையில். அன்றைக்கு ஒரு பூதத்தை நான் தனியாளாக அதட்டிக் கிணற்றுக்குள் இறக்கியிருந்தேன், எனக்கு விழுந்ததைவிட அந்த வெற்று நாற்காலிக்கு அதிகமாக விழுந்தது. எழுந்து நின்று கத்தினேன்.

“ஏட்டி மெட்டில்டா, எனக்கு ஒரு நியாயம் சொல்லு. டீச்சர் பூட்டைத் திறந்தாவ, பூட்டுக்குப் புள்ளி போட்டே, அவிய பூட்டுல தேறிட்டாவ. இவன் பேசினான், பேச்சுல தேறிட்டான். உன் புருஷன் என்னத்தைச் செஞ்சாம்னு இத்தனை வருஷமா போடுதே?”

“வரலன்னுதான்” என்றாள்.

“வரலன்னா...” என்று ஆரம்பித்தேன், பாதியிலேயே அந்தக் கணக்கு எனக்கே உறைத்தது.

அப்பாஸ் கையிலிருந்த பகடையைக் கீழே வைத்தான். லூர்தம்மாள் டீச்சர் “மாதாவே” என்றார். மெட்டில்டா அந்த டம்ளரைப் பார்த்தாள், விளிம்புவரை சோழி நின்றது, பக்கத்தில் ஒரு சட்டி நிறைய இருந்தது, அதற்கும் பக்கத்தில் ஒரு வாளி. அத்தனையும் அவள் போட்டது. எங்களில் யாரும் எதிலும் அவ்வளவு தேறவில்லை. எங்கள் ஊரிலேயே, எந்த ஊரிலுமே, வராமல் இருப்பதில் அவனை மிஞ்ச இனி ஒரு ஆள் கிடையாது.

“நாந்தானா” என்றாள் மெட்டில்டா. “யக்கா, நாந்தான் செஞ்சேனா?”

மிரட்டத்தான் எனக்குச் சோழி விழுந்திருக்கிறது, தேற்றுவதற்கு ஒன்றுகூட விழுந்ததில்லை.

மறுநாள் அப்பாஸின் லாரியில் வாளியையும் சட்டியையும் ஏற்றிக்கொண்டுபோய்க் கடலில் கொட்டினோம். சோழி போயிற்று, தேர்ச்சி போகவில்லை. பூட்டுத் திறக்கப் படித்ததை நான் இனி எப்படி மறக்க என்று டீச்சர் கேட்டார், அது சரிதான். பிறகு, வருவதற்குப் புள்ளி போட்டால் ஸ்டெனி வருவதில் தேறுவான் என்று அப்பாஸ் யோசனை சொன்னான், நல்ல யோசனை, ஆனால் செய்யாத காரியத்துக்குப் புள்ளி போட ஆட்டத்தில் வழியில்லை, அதனால் அவன் சார்பில் நாங்களே ஆடினோம். கேடயக்காரன் கதவைத் தட்டுகிறான், உள்ளே வருகிறான், இதோ உருட்டுகிறேன் என்று மெட்டில்டா இருபது முகப் பகடையை உருட்டினாள், அது மேசையில் ஓடி, விளிம்பில் ஒரு கணம் தயங்கி, பீரோவுக்கு அடியில் போனது. பீரோவை நகர்த்தினோம். இல்லை. வேறு பகடை எடுத்தாள், அதுவும் போயிற்று. அவன் பேருக்கு உருட்டிய பகடை ஒன்றுகூட எண் காட்டவில்லை, கடைசியில் நாலு முகப் பகடை ஒன்றுதான் மிஞ்சியது, அதையும் தொலைத்துவிட வேண்டாம் என்று டீச்சர் எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டார்.

செர்வினா கூட்டம் மாடியேறி வந்து சண்டை போட்டுச் சட்டைகளை எடுத்துக்கொண்டு போனது. அவர்கள் ஆட்களுக்கு அதிகம் விழவில்லை, அதனால் தப்பித்தார்கள். செர்வினா புருஷன் கொஞ்ச காலம் தாழ்த்தி வந்து சேர்ந்தான், தெருமுனைவரை சரியாக வந்துவிட்டு, என் கடை வாசலில் பெட்டியோடு நின்று “அக்கா, செர்வினா வீடு எது?” என்று கேட்டான். கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டுபோய் விட்டேன். இப்போது இருக்கிறான், அவ்வப்போது சோற்றுக்கு நடுவில் காணாமல் போவான், கூப்பிட்டால் வந்துவிடுவான்.

மெட்டில்டா கதை சொல்லுவதை நிறுத்திவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை மேலே போனால் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பாள், சாப்பிட்டாயா என்றால் சாப்பிட்டேன் என்பாள், பாத்திரம் காய்ந்து கிடக்கும். ராஜா, மாமியார், படகோட்டி, குதிரை, யார் குரலும் அந்த வீட்டில் கேட்கவில்லை. இத்தனை பேருக்கு வாயாக இருந்தவளுக்குத் தன் துக்கத்தைச் சொல்ல ஒரு வார்த்தை கிடைக்கவில்லையே என்று எனக்கு ஆத்திரமாக வரும், அவள்மேல் இல்லை, யார்மேல் என்று தெரியாத ஆத்திரம், பிளவுஸ் பிளவுஸாகத் தப்பாகத் தைத்துத் தள்ளினேன்.

அப்போதுதான் லூர்தம்மாள் டீச்சர் சொன்னார், இந்த ஞாயிறு நான் கதை சொல்லுகிறேன், நீ ஆடு என்று. டீச்சருக்குக் கதை சொல்ல வராது. விசில் ஊதாத குறையாக, முதலில் மலை, மலையைத் தாண்டினால் ஆறு, வரிசையாக வாங்க என்று மைதானத்தில் பிள்ளைகளை ஓட்டுவதுபோல எங்களை ஓட்டினார். மிச்சமிருந்த ஒற்றைப் பகடையை எல்லாரும் உருட்டினோம். மெட்டில்டாவின் முறை வந்தது.

“ஆத்துக்கு இந்தப் பக்கம் நிக்கே. நீ என்ன செய்யப்போறே?” என்று டீச்சர் கேட்டார்.

அவளிடம் யாரும் அதுவரை அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை, நாங்கள்தான் அவளிடம் பதில் சொல்லிக்கொண்டிருந்தோம்.

“நான் இங்கயே இருக்கேன்” என்றாள்.

மறுபடி முறை வந்தது. நானும் அப்பாஸும் ஆற்றைக் கடந்து, ஒரு பாம்பைக் கொன்று, கோட்டைக்குள் போயிருந்தோம். இங்கயே இருக்கேன் என்றாள். கோட்டை எரிந்தது, இங்கயே இருக்கேன். நாங்கள் ராஜகுமாரனை மீட்டோம், புதையல் எடுத்தோம், அவள் ஆற்றங்கரையில் இருந்தாள். மணி அடித்தது. டீச்சர் எழுந்து நின்று, மெட்டில்டா செய்வதுபோலவே சோழிப் பையைக் கையில் எடுத்து, எனக்குப் போட்டார், அப்பாஸுக்குப் போட்டார். அவர் கைக்கு ஒட்டுமா என்று யாருக்கும் தெரியாது. பிறகு மெட்டில்டாவின் முன்னால் வந்து நின்றார். அவள் ஒரு புது டம்ளர் வைத்திருந்தாள், அவள் வாழ்க்கையில் முதல் டம்ளர். நாங்கள் எல்லாரும் அதற்காகத்தான் வந்திருந்தோம், இத்தனை வருஷம் எங்களுக்குப் போட்டவளுக்கு ஒருமுறையாவது கலகல என்று விழ வேண்டும் என்று. டீச்சர் கை நிறைய அள்ளினார்.

“மெட்டில்டாவுக்கு” என்றார், “காத்திருந்ததுக்கு...”

மெட்டில்டா சட்டென்று டம்ளர் வாயை உள்ளங்கையால் பொத்திக்கொண்டாள்.

“வேண்டாம் டீச்சர்.”

“ஏம்மா, உனக்குச் சேர வேண்டியதுல்லா?”

“இதுக்கு மட்டும் போட்டுராதீங்க. ஒட்டிட்டுன்னா? நான் இதுல தேறிருவேன். அவிய வராட்டாலும் நல்லாத் தின்னு நல்லா உறங்கி எழுந்துருவேன். காத்துக்கிடக்க எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னா, அப்புறம் அவியளைத் தேடுததுக்கு இந்த ஊருல யாரு இருக்கா?” அழுதுகொண்டே சொன்னாள், கையை எடுக்கவில்லை. “எனக்கு இது வராமலே இருக்கட்டும். மொத நாளு மாதிரியே வலிக்கட்டும்.”

டீச்சர் அள்ளியதைப் பைக்குள் திரும்பப் போட்டார். நான் போய் அவள் தலையை என் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன், அதற்கு எனக்குச் சோழி விழவில்லை, விழாமலே செய்தேன்.

இப்போது மறுபடி ஞாயிற்றுக்கிழமை ஆடுகிறோம். கதை அவள்தான் சொல்லுகிறாள், எங்களுக்குப் போடுகிறாள், ஆளில்லாத நாற்காலியிடம் வந்ததும் பையின் வாயைக் கட்டிவிடுகிறாள். அவளுடைய புது டம்ளர் காலியாக அலமாரியில் இருக்கிறது. நான் கீழே கடையில் மெஷினை மிதித்துக்கொண்டிருப்பேன், தெருமுனையில் ஒரு ஆட்டோ திரும்பும், உடனே எனக்குத் தலைக்கு மேலே நாற்காலி தள்ளுகிற சத்தம், பிறகு வெறுங்காலோடு பால்கனிக்கு ஓடுகிற சத்தம், ஏதோ கல்யாணமாகி மறு வாரம் புருஷன் வேலைக்குப் போய் வருகிறான் என்பதுபோல. ஆட்டோ வேறு வீட்டு வாசலில் நிற்கும். இத்தனை வருஷத்தில் அந்த ஓட்டம் கொஞ்சம்கூடத் தேறவில்லை.